பழைய கேஸும் துப்பாக்கி லைசென்ஸும்: எங்கே தப்பு நடக்கிறது?

பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற நம் ஆட்கள் நிறையப் பேர். கன்மேன் (துப்பாக்கி ஏந்திய காவலர்) வேலைக்குப் போனால், பல இடங்களில் சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் எப்போதோ போட்ட கேஸ் குறுக்கே நின்றால் அடிபடுவது குடும்பத்தின் பிழைப்பு. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

பெரிய தப்பு, மறைப்பது. லீவில் ஊருக்குப் போனபோது வரப்புத் தகராறில் ஒரு கேஸ். கோர்ட்டில் அபராதம் கட்டியாயிற்று. ‘தர்மபுரியில் நடந்தது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது’ என்று நினைத்து, விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். லைசென்ஸுக்கான விண்ணப்பப் படிவம் ஏ-1 இதை நேராகவே கேட்கிறது: தண்டனை உண்டா, நன்னடத்தைப் பிணை (‘ஒழுங்காக நடப்பேன்’ என்ற எழுத்து உறுதி) எழுதிக் கொடுத்தீர்களா, முன்பு லைசென்ஸ் கேட்டு மறுக்கப்பட்டதா? லைசென்ஸ் தருமுன் போலீஸ் அறிக்கை கேட்பார்கள். பழைய கேஸ் அதில் வெளிவந்தால், கேஸைவிடப் பொய்தான் உங்களுக்கு எதிராக நிற்கும். எப்படியோ லைசென்ஸ் கிடைத்துவிட்டாலும் நிம்மதி இல்லை. தகவலை மறைத்து வாங்கியது தெரிந்தால் ஆயுதச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி ரத்து செய்யலாம்.

அபராதம், விடுதலை, சமாதானம் எல்லாவற்றையும் ‘கேஸ் முடிஞ்சுது’ என்று ஒரே வார்த்தையில் சொல்வது இன்னொரு தப்பு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் பாருங்கள். வன்முறைக் குற்றத்திலோ ஒழுக்கக்கேடான குற்றத்திலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு, தண்டனை முடிந்து 5 வருஷம் வரை தடை. நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் பிணைக் காலம் முழுக்கத் தடை. வெறும் அபராதம் இந்தத் தடைக்குள் வராது. ஆகவே தீர்ப்பின் சான்றிட்ட நகலை அந்தக் கோர்ட்டில் மனுப்போட்டு வாங்கி, விண்ணப்பத்தோடு வையுங்கள். கையில் தீர்ப்பு இருந்தால் வாய்ப்பேச்சு தேவையில்லை.

சரி, 5 வருஷம் தாண்டிவிட்டதே, இனி தந்துதானே ஆகவேண்டும் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ‘தகுதியற்றவர்’ என்று கருதினாலும், பொது அமைதிக்கு அவசியம் என்று கருதினாலும் மறுக்க 14-ஆம் பிரிவு அதிகாரிக்கு இடம் தருகிறது. பெயரில் ரவுடி ஷீட் (ரவுடி என்று கருதி போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கும் பதிவு) இருந்தால் முதலில் அதை நீக்கக் கேட்டு மனுக் கொடுங்கள். அது இருக்கும்வரை ஸ்டேஷன் அறிக்கை சாதகமாக வருவது கஷ்டம்.

மறுப்பு வந்ததும் ஹோசூர் சொந்தக்காரர் விலாசத்தில் புதிதாக விண்ணப்பிப்பதும், புரோக்கரிடம் பணம் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். குடியிருக்கும் இடத்தையோ தொழில் செய்யும் இடத்தையோ வைத்துத்தான் லைசென்ஸ். பெங்களூரு நகரில் இருப்பவருக்கு அது போலீஸ் கமிஷனர் கையில்.

அதைவிட, மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதிகாரி காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கேட்டால் சுருக்கமாகத் தரவும் வேண்டும், பொதுநலனுக்கு ஆகாது என்று அவர் கருதினால் ஒழிய. கவுன்டரில் வாயால் சொன்னதோடு திரும்பி வந்துவிட்டால் 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யக் கையில் எதுவும் இருக்காது. மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. உத்தரவு கைக்கு வந்த அன்றைக்கே தேதியைக் குறித்துக்கொண்டு, தீர்ப்பு நகல், ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகம், வேலைக்கான கடிதம் எல்லாவற்றோடும் வக்கீலைப் பாருங்கள்.