பிள்ளையின் தாடைக்குக் கம்பியா, ஆபரேஷனா? நாங்கள் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

என் மகனுக்கு 13 வயதில் கீழ்ப்பல் வரிசை மேல் வரிசையைத் தாண்டி முன்னால் வந்து நின்றது. சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுத்தால் முன்பல்லால் கடித்து வெட்ட முடியாது. கடைவாய்க்குக் கொண்டுபோய்ப் பிய்த்துத் தின்பான். எட்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் கிளிப் போட்டோம். கீழே நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கி, அந்த இடைவெளிக்குள் முன்பற்களைப் பின்னால் இழுத்தார்கள். இரண்டு வருடத்தில் வரிசை அழகாக வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவன் கல்லூரி முதல் வருடத்தில் இருந்தபோது தாடை மறுபடி முன்னால் வந்திருந்தது.

இப்போது அவனுக்கு 21. மூடிய இடைவெளியைக் கம்பி போட்டுத் திரும்பத் திறந்து, 20 வயதில் தாடை ஆபரேஷன் செய்து, பிடுங்கிய பற்களுக்குப் பதில் இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கக் காத்திருக்கிறோம். அதே நாற்காலியில் அடுத்த வாரம் உட்காரப்போகிற இன்னொரு பிள்ளைக்காக இதை எழுதுகிறேன்.

‘கம்பி போதுமா, ஆபரேஷன் வேணுமா’ என்று கேட்டுக்கொண்டே போனதுதான் எங்கள் முதல் தவறு. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கோளாறு பல்லில் இருக்கிறதா, எலும்பில் இருக்கிறதா? வாயைத் திறந்து பார்த்தால் இது தெரியாது. தலையைப் பக்கவாட்டில் வைத்து எடுக்கும் செஃபலோகிராம் என்ற எக்ஸ்ரே வேண்டும். இரண்டாவது முறை நாங்கள் போன டாக்டர் அந்தப் படத்தின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினார். மூக்கின் வேரில் ஒன்று, மேல்தாடையில் ஒன்று, கீழ்த்தாடையில் ஒன்று. ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தார். மூக்கின் வேரிலிருந்து இரண்டு தாடைக்கும் போகும் கோடுகளுக்கு நடுவில் உள்ள கோணம் பொதுவாக 2 டிகிரி அளவில் இருக்கும். என் மகனுக்கு மைனஸ் 5. அதாவது கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நின்றது. கீழ் முன்பற்களோ உள்பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தன. “எலும்புதாம்மா முன்னால போயிருக்கு, பல்லைச் சாய்ச்சு மறைச்சிருக்காங்க” என்றார். முதல் சிகிச்சைக்கு முன்பு எங்களிடம் யாரும் இந்தப் படத்தை வைத்துப் பேசவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

கம்பி பல்லைத்தான் நகர்த்தும். வளர்ந்து முடிந்த தாடை எலும்பை அது நீட்டாது, குறைக்காது. தெற்றுப்பல், இடைவெளி, கொஞ்சம் எடுப்பான முன்பல் என்றால் கம்பியே போதும். நம் ஊரில் மேலும் கீழும் இரண்டு வரிசையுமே எடுப்பாக இருக்கும் முகங்கள் நிறைய. அவர்களில் பலருக்கு நாலு பல்லை எடுத்துக் கம்பி போட்டாலே உதடு நன்றாக உள்ளே வந்துவிடுகிறது. பல்லைப் பிடுங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு தாடைக்கும் நடுவில் வித்தியாசம் அதிகமாக இருக்கும்போது அதைப் பல்லை வைத்து மறைக்கப் பார்த்தால்தான் வினை. எலும்பின் எல்லையைத் தாண்டித் தள்ளினால் ஈறு இறங்கும், வேர் கரையும். இத்தனையும் செய்த பிறகு முகம் பழையபடியே இருக்கும்.

அடுத்தது வயசு. இதில் ரொம்பவே ஏமாந்தோம். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் வளர்ந்து முடிவதில்லை. முகத்தில் கடைசி வரை வளர்வது கீழ்த்தாடை. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 15, 16 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 18 தாண்டியும்தான் அது ஓயும். தாடை முன்னால் வரும் வகை என்றால் இன்னும் தள்ளிப்போகலாம். 13 வயதுப் பையனுக்கு அன்றைய தாடையை வைத்துக் கணக்குப் போட்டு நிரந்தரமாகப் பல்லைப் பிடுங்கியது, வளரும் பிள்ளைக்கு உடம்போடு ஒட்டினாற்போல் சட்டை தைத்த கதையாகிவிட்டது. வளர்ச்சி நின்றுவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விட்டு இரண்டு செஃபலோகிராம் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். கோடுகள் ஒன்றாகப் படிந்தால் நின்றுவிட்டது. மணிக்கட்டு எக்ஸ்ரே, கழுத்தெலும்பின் வடிவம் இவையும் ஒரு குறிப்புக் கொடுக்கும். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே போனால் தாமதிக்காமல் காட்டுங்கள். காதோரம் இருக்கும் தாடை மூட்டு ஒரு பக்கம் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கலாம்; அதற்கு வேறு ஸ்கேன் உண்டு.

வயசோடு சேர்த்துக் குடும்பத்தையும் பார்க்க வேண்டும். என் தம்பிக்கும் இதே தாடைதான். மகன் பிறந்து நாலு வயதாகும்போதே “தாய்மாமன் ஜாடை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு” என்று சொந்தக்காரர்கள் கொஞ்சுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். தம்பி கல்யாண ஆல்பத்தில் இரண்டு பேரும் பக்கவாட்டில் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்திருந்தால் எந்த டாக்டரும் யோசித்திருப்பார். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்தத் தாடை வந்ததை அவர்கள் ஓவியங்களிலேயே பார்க்கலாம். அவ்வளவு பிடிவாதமான ஜாடை இது. அப்பா, மாமன், அத்தை, தாத்தா யாருக்காவது இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். போட்டோ இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

இதைப் படித்துவிட்டு, சரி, 18 வயது வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். அது இன்னொரு தவறு. மேல்தாடை உள்வாங்கியிருக்கும் குழந்தைக்கு 8, 9 வயதில் ஃபேஸ்மாஸ்க் என்ற, முகத்துக்கு வெளியே மாட்டும் கருவியைப் போட்டு மேல்தாடையை முன்னால் இழுக்க முடியும். கீழ்த்தாடை சின்னதாக இருந்து மேல்பல் துருத்தும் பிள்ளைக்கு, உயரம் மளமளவென்று கூடும் வயதில் ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவி உதவும். பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பருவம் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். ட்வின் பிளாக் வகைக் கருவிகள் எலும்பைவிடப் பல்லில்தான் அதிக மாற்றம் செய்கின்றன என்பதும் உண்மை; அதிசயத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் அந்த ஜன்னல் மூடிவிட்டால் திரும்பத் திறக்காது. வாயாலேயே மூச்சு விடுகிற, தூங்கும்போது குறட்டை விடுகிற குழந்தையைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இனி எங்களுக்கு ரொம்ப நஷ்டமான விஷயம். கம்பியால் மறைக்கும் வழியும் ஆபரேஷன் வழியும் பல்லை எதிரெதிர்த் திசையில் நகர்த்துகின்றன. தாடை முன்னால் இருக்கும்போது மறைக்க வேண்டும் என்றால் கீழ்ப்பல்லைப் பின்னால் சாய்ப்பார்கள். ஆபரேஷன் என்றால் அதே பல்லை முன்னால் நிமிர்த்துவார்கள். அப்போதுதான் தாடையை நகர்த்தியதும் இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று பொருந்தும். ‘முதல்ல கம்பி போட்டுப் பார்ப்போம், சரிவரலைன்னா ஆபரேஷன்’ என்பது கேட்க நிதானமான பேச்சாக இருக்கிறது. உண்மையில் அது வடக்கே பாதி தூரம் போய்விட்டுத் தெற்கே திரும்புவது. மகனுக்கு இரண்டு வருடம் பின்னால் இழுத்த பல்லை ஒன்றரை வருடம் முன்னால் தள்ளினார்கள். அதனால் ஒரு பல்லைக்கூட எடுப்பதற்கு முன்னால் எந்த வழி என்று முடிவாக வேண்டும். முடிவு செய்ய முடியாத வயசென்றால் பிடுங்காமல் காத்திருப்பதும் ஒரு முடிவுதான்.

அந்த முடிவைக் கம்பி போடும் டாக்டர் தனியாக எடுக்கக் கூடாது, சர்ஜனும் தனியாக எடுக்கக் கூடாது. ஆர்த்தோடான்டிக்ஸில் (பல் சீரமைப்பில்) எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்தவரும், வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்தவரும் ஒரே படத்தை வைத்து ஒரே மேஜையில் பேச வேண்டும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ‘லேசா இருந்தா கம்பி, ரொம்ப இருந்தா ஆபரேஷன், என் பிள்ளை எதில் சேர்த்தி? ஏன்?’ என்று கேளுங்கள். படத்தைக் காட்டிப் பதில் சொல்பவரிடம் நம்பி இருக்கலாம்.

ஆபரேஷன் என்றால் கம்பி தேவையில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். நானும் நினைத்தேன். வழக்கமாக ஆபரேஷனுக்கு முன்பு ஒரு வருடம், ஒன்றரை வருடம் கம்பி, பின்னால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை திரும்பக் கம்பி, அப்புறம் பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கும் ரீடெய்னர். சில இடங்களில் முதலிலேயே ஆபரேஷன் செய்துவிட்டுப் பிறகு கம்பி போடுகிறார்கள், எல்லோருக்கும் அது ஒத்துவராது. முன்பு போடும் அந்தக் கம்பிக் காலத்தில் முகம் இன்னும் மோசமாகத் தெரியும், பல் நிமிர நிமிரத் தாடை இன்னும் முன்னால் வந்ததுபோல் இருக்கும். மகன் அந்த ஒன்றரை வருடமும் கல்லூரி அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுத்தான் கழுத்தில் மாட்டியிருந்தான். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பரீட்சை, நீட், கல்லூரிச் சேர்க்கை எல்லாவற்றையும் காலண்டரில் வைத்துப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

ஆபரேஷனைப் பற்றி இரண்டு விதமாகவும் தவறாகப் பேசுகிறார்கள். ‘முகத்தையே வெட்டுவாங்களாம்’ என்ற பயம் வேண்டாம். பொதுவாக வாய்க்குள்ளிருந்தே எலும்பை அறுத்து, நகர்த்தி, டைட்டானியம் தகடு வைத்து முடுக்குகிறார்கள். வெளியே பெரிய தழும்பு இருக்காது. ‘ரெண்டு நாள் வேலை’ என்ற அலட்சியமும் வேண்டாம். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு அதிரும் என்பதால் உதடும் முகவாயும் மரத்துப்போவது சகஜம். பெரும்பாலும் மாதக்கணக்கில் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் இடத்தில் தங்கிவிடும். என் மகனுக்குக் கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இன்னும் உணர்ச்சி இல்லை. சாம்பார் வழிந்தால் தெரியாது, நான்தான் கண்ணைக் காட்டுவேன். முதல் வாரங்களில் ராகிக் கஞ்சியும் வடிகட்டிய பருப்புத் தண்ணீரும்தான், அதுவும் சிரிஞ்சில் கன்னத்தோரம் விட்டு. எடை இறங்கும். ஞானப்பல் இருந்தால் பல சர்ஜன்கள் ஆறு மாதம் முன்பே எடுத்துவிடச் சொல்வார்கள். மேல்தாடையை நகர்த்தினால் மூக்கின் அடிப்பகுதியும் கொஞ்சம் மாறும். கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளினால் மூச்சு வழி சுருங்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியை முன்கூட்டியே படியுங்கள். பல் சிகிச்சை, அழகு சிகிச்சை என்று ஒதுக்கிவைப்பது வழக்கமாக நடக்கிறது.

யார் முகம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ‘நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றப்போ’ என்று 15 வயதுப் பெண்ணை ஆபரேஷனுக்குத் தள்ளும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மறுபக்கம், கைக்கெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியையே தன் முகம் என்று நம்பி அழும் பிள்ளைகள். அவ்வளவு பக்கத்தில் எடுத்தால் யாருக்கும் மூக்கு பெரிதாகவும் முகம் கோணலாகவும்தான் விழும். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினால் தாடை மாறும் என்று சொல்லும் வீடியோக்களும் ஓடுகின்றன. வளர்ந்த எலும்பை அது மாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டாக்டரிடம் பிள்ளையைத் தனியாக ஐந்து நிமிடம் பேச விடுங்கள். என் மகன் அங்கே சொன்னது முகத்தைப் பற்றியே இல்லை. நண்பர்களோடு உட்கார்ந்து பரோட்டா கடித்துச் சாப்பிட முடியவில்லை என்றுதான் சொன்னானாம். ஏழு வருடத்தில் அதை நான் கேட்டதே இல்லை.

எல்லா எக்ஸ்ரேயையும், பல் அச்சையும், போட்டோவையும் உங்கள் வீட்டில் வாங்கி வையுங்கள். மகனின் 13 வயதுப் படங்களைத் தேடிப் போனபோது முதல் கிளினிக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தம்பி மகளுக்கு இப்போது 8 வயது. முன்பற்கள் முளைத்து, மேல்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுகிறது. போன மாதம் மகனைப் பார்த்த அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம், கல்யாண ஆல்பத்தையும் பையில் எடுத்துக்கொண்டு. அவர் குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், தம்பியைப் பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொன்னார்.