தேர்தல் வாக்குறுதிக்கு விலை போட்டுப் பார்ப்பது எப்படி

தேர்தல் அறிக்கை வந்த அன்று டீக்கடையில் இரண்டே பேச்சுதான். "இதெல்லாம் எங்க தரப்போறாங்க" என்பது ஒன்று, "கொடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே" என்பது இன்னொன்று. இரண்டிலும் கணக்கு இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, செல்போனில் இருக்கும் கால்குலேட்டர், அரை மணி நேரம், இவ்வளவு இருந்தால் எந்தக் கட்சியின் வாக்குறுதிக்கும் நீங்களே விலை போடலாம். தமிழ்நாட்டையே உதாரணமாக வைத்து, நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் பெருக்கல். 2021 சட்டமன்றத் தேர்தலில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது திமுக. 1,500 ரூபாய், கூடவே வருஷத்துக்கு ஆறு சிலிண்டர் என்றது அதிமுக. மாநிலத்தில் ரேஷன் அட்டைகள் 2 கோடிக்கு மேல். கணக்கு எளிதாக இருக்க 2 கோடி என்றே வைப்போம். மாதம் 1,000 என்றால் வருஷத்துக்கு 24,000 கோடி, 1,500 என்றால் 36,000 கோடி, சிலிண்டர் தனி. இந்தத் தொகை பெரியதா சின்னதா என்று தனியாகப் பார்த்தால் தெரியாது. கோடி என்றாலே நமக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால் பக்கத்திலேயே மாநிலத்தின் வருவாயை எழுதுங்கள். 2021 ஆகஸ்டில் போட்ட திருத்த பட்ஜெட்டில் மொத்த வருவாய் வரவு ஏறக்குறைய 2 லட்சம் கோடி. அப்படியானால் ஒரு வாக்குறுதிக்கு நூற்றில் 12 ரூபாய் போகும், இன்னொன்றுக்கு 18. சம்பளம், பென்ஷன், வட்டி எல்லாம் போன பிறகு இது எங்கிருந்து வரும் என்ற கேள்வி இப்போதுதான் பிறக்கிறது.

அடுத்து, யாருக்கு என்ற சொல்லைத் தேடுங்கள். அறிக்கையில் "குடும்பத் தலைவிகள்" என்று இருந்தது, பட்ஜெட்டுக்கு வந்தபோது "தகுதி வாய்ந்த" என்ற இரண்டு சொல்லோடு வந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று நிபந்தனைகள். விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடி, முதலில் தேர்வானவர்கள் 1.06 கோடி. அந்த இரண்டு சொல்லால் 24,000 கோடி பில் கிட்டத்தட்ட பாதியானது. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன், வசதியானவர் வீட்டுக்கு எதற்கு ஆயிரம் ரூபாய் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ஓட்டுக் கேட்கும்போதே அறிக்கையில் இருந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை.

பணம் எப்போது தொடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ரொம்ப முக்கியம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் என்பதற்கு, திமுக பதவியேற்ற 2021 மே 7-ஆம் தேதியே கையெழுத்து விழுந்தது. அதன் மதிப்பீடு அப்போது 1,200 கோடி, பஸ் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையோ 2023 செப்டம்பர் 15-ல்தான் தொடங்கியது, 28 மாதம் கழித்து. சின்ன பில் உடனே, பெரிய பில் தள்ளி. இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2023-24 பட்ஜெட்டில் இதற்கு 7,000 கோடிதான் ஒதுக்கினார்கள், அடுத்த ஆண்டு 13,720 கோடி. திட்டம் திடீரென்று இரட்டிப்பாகிவிடவில்லை, முதல் ஆண்டு பாதிதான் ஓடியது, அவ்வளவுதான். எந்தப் புதுத் திட்டத்துக்கும் முதல் வருஷத் தொகையை நம்பாதீர்கள், முழு வருஷத் தொகையைக் கேளுங்கள்.

சரி, பணம் எங்கிருந்து? பட்ஜெட் உரை தமிழிலேயே கிடைக்கும். இரண்டு மணி நேர உரையை முழுதாகப் படிக்க வேண்டாம், கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே இரண்டு பற்றாக்குறைகள் இருக்கும். 2025-26-க்கு வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி, நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. முன்னது அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் விழும் துண்டு, மளிகைக்குக் கடன் வாங்குவது மாதிரி. பின்னது அந்த ஆண்டின் மொத்தத் துண்டு. வீடு கட்ட வாங்கும் கடனும் இதில் சேர்ந்திருக்கும், அதனால் இதை மட்டும் பார்த்துப் பதற வேண்டியதில்லை. முதல் எண் பெரிதாகிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

"ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் இத்தனை லட்சம் கடன்" என்று மேடையில் சொல்வார்கள். மாநில நிதி நிலைமை பற்றி 2021-ல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில்கூட 2,63,976 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். கேட்க பயமாக இருக்கும், முடிவெடுக்க உதவாது. கடனை மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிடுங்கள். 2026 மார்ச் இறுதிக்கு 26.07 சதவீதம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால் கடன் கூடியும் இந்தச் சதவீதம் குறையலாம், வளர்ச்சி படுத்துவிட்டால் புதிதாக ஒரு ரூபாய் செலவழிக்காமலே இது ஏறும்.

மாநில அரசால் நோட்டு அடிக்க முடியாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு பெரும்பாலான பொருள்களின் வரியைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. கையில் மிச்சமிருப்பவை டாஸ்மாக், பெட்ரோல் டீசல் வரி, பத்திரப்பதிவு, வாகன வரி, அப்புறம் மின்கட்டணம், பஸ் கட்டணம், சொத்து வரி. ஆக, புது வாக்குறுதி வந்தால் ஒன்று கடன் கூடும், இல்லை வேறு ஏதாவது வெட்டப்படும், இல்லை இந்தச் சின்னப் பட்டியலில் ஏதாவது ஒன்று ஏறும். எது ஏறும் என்று ஊகிக்க ரொம்பத் தூரம் தேட வேண்டாம்.

எப்போது ஏறும் என்பதற்கு காலண்டர் போதும். ஒரு பக்கத்தில் தேர்தல் தேதிகளையும் எதிர்ப்பக்கத்தில் விலை மாறிய தேதிகளையும் எழுதிப் பாருங்கள். 2011 மே மாதம் ஆட்சி மாறியது, அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல், நவம்பரில் பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறின. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல், ஏப்ரல் பிறந்ததும் சொத்து வரி. முன்னது அதிமுக, பின்னது திமுக, பழக்கம் ஒன்றுதான். மின்கட்டணம் 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பரில்தான் ஏறியது. நடுவில் இரண்டு சட்டமன்றத் தேர்தல்கள் வந்துபோயின, மின்வாரியத்தின் கடன் லட்சம் கோடியைத் தாண்டியது. ஏற்றாத கட்டணம் மறைந்துவிடுவதில்லை, வேறொரு கணக்கில் கடனாக உட்கார்ந்திருக்கும்.

டெல்லியும் சளைத்ததல்ல. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் முடியும்வரை, 2021 நவம்பர் முதல் நான்கு மாதத்துக்கு மேல் எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் விலையில் கை வைக்கவில்லை. முடிவு வந்தது 2022 மார்ச் 10. மார்ச் 22-ல் தொடங்கி இரண்டு வாரத்தில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறிவிட்டது. 2024-ல் மார்ச் 8 சிலிண்டருக்கு 100 ரூபாய் குறைப்பு, 14 பெட்ரோலுக்கு 2 ரூபாய் குறைப்பு, 16 மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு. இதை யாரும் விளக்க வேண்டாம், தேதிகளே பேசும்.

தேர்தல் வருஷத்து இடைக்கால பட்ஜெட்டையும் அதை ஒட்டி வரும் அறிவிப்புகளையும் தனியாக, கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். 2021 பிப்ரவரி 5-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி என்று அறிவித்தார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. தேர்தல் தேதி வந்தது 26-ஆம் தேதி. அறிவிப்பது ஒரு அரசு, கூட்டுறவு வங்கிகளுக்கு அந்தப் பணத்தை வருஷக்கணக்கில் ஈடுகட்டுவது அடுத்த அரசு.

இலவசத்துக்குத்தான் விலை உண்டு, வரிக் குறைப்புக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் 2019 நவம்பர் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச ஜெயித்தவுடன் சொன்னபடியே மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக்கினார். கொரோனாவும் சேர்ந்துகொள்ள வரி வருவாய் சரிந்தது, வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது, 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. அந்த செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். இப்போது அதே வரி 18 சதவீதம். அதனால் "வரியைக் குறைப்போம்" என்று யார் சொன்னாலும் அதையும் நோட்டில் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. பட்ஜெட்டில் ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள் வரும்: முதலில் மதிப்பீடு, மறு வருஷம் திருத்த மதிப்பீடு, அதற்கும் அடுத்த வருஷம் உண்மைக் கணக்கு. 2023-24-க்கு வருவாய்ப் பற்றாக்குறை 37,540 கோடி என்று மதிப்பிட்டார்கள், கணக்கு முடிந்தபோது 45,121 கோடி. பத்திரிகைகள் முதல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போடும், மூன்றாவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் நோட்டில் மூன்று கட்டம் போட்டு, மூன்றாவதைக் காலியாக விட்டு வையுங்கள். அதை நிரப்ப இரண்டு வருஷம் ஆகும், நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.