மலையில் டிரெய்லர் இழுக்கும் முன்: எடை, பிரேக், அப்புறம்தான் ஸ்பிரிங்

கோத்தகிரிப் பக்கம் யாராவது பிக்கப்போ எஸ்யூவியோ வாங்கி, பின்னால் ஒரு சின்ன டிரெய்லர் மாட்டலாம் என்று நினைத்தால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, எந்த ஸ்பிரிங் போடலாம்?" நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். வண்டியின் பின்பக்கம் இறங்கித் தெரிந்தது, ஒரு பட்டறையில் பட்டை ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பிளேட் போட்டுக்கொண்டேன், பின்பக்கம் நிமிர்ந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் பிரேக் பெடல் பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மண்மேட்டுப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் அடி ஒன்றும் இல்லை. ஆனால் முன் சக்கரங்களிலிருந்து வந்த அந்தக் கருகல் வாடை இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இந்த விளக்கத்தில் ஸ்பிரிங் பிற்பாதியில் வருகிறது.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டரில். வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து 3,000 கிலோ என்றால், மேலிருந்து கீழே வரும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் 150 லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் பிரேக்கில்தான் சூடாக இறங்கும்.

படி 1: எடை போடுங்கள்

கண்ணால் பார்த்து "ஒரு அரை டன் இருக்கும்" என்று சொல்வது போதாது. மேட்டுப்பாளையம் மண்டிப் பக்கம் போனால் எடை மேடை கிடைக்கும். வண்டியைத் தனியாக, டிரெய்லரைத் தனியாக, சரக்கோடு சேர்த்து என்று மூன்று சீட்டு வாங்குங்கள். அப்புறம் வண்டியின் கையேட்டையும் ஆர்சியையும் எடுத்து, வண்டி சுமக்கக்கூடிய மொத்த எடை என்ன, டிரெய்லர் இழுக்க அனுமதி எவ்வளவு என்று பாருங்கள். கையேட்டில் டிரெய்லர் இழுக்க வேண்டாம் என்று இருந்தால் அதோடு முடிந்தது, அந்த வண்டியில் இழுக்காதீர்கள். வெளிநாட்டில் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 3,500 கிலோ இழுக்கிறது என்று வீடியோ பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. அது தனி பிரேக் உள்ள டிரெய்லருக்கான எண். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு அங்கேயும் 750 கிலோதான்.

படி 2: காகிதம்

டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும், தனி நம்பர் பிளேட் வேண்டும், இன்சூரன்ஸும் வேண்டும். பட்டறையில் வெல்டு வைத்துக் கொடுக்கும் டிரெய்லருக்குப் பதிவு கிடைக்குமா என்பதை, முன்பணம் கொடுத்த பிறகு அல்ல, கொடுக்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 3: கொக்கி, சங்கிலி, விளக்கு

கொக்கி வண்டியின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், போல்ட் போட்டு நிற்க வேண்டும், பம்பரில் அல்ல. கொக்கியில் இருக்கும் உருண்டையின் அளவும் டிரெய்லரின் குழியும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் உருண்டைக்குக் கொஞ்சம் பெரிய குழியை மாட்டினால் சமதளத்தில் தெரியாது, மலை ரோட்டுக் குழியில் ஒரு தூக்கு தூக்கும்போது கழன்று வந்துவிடும். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் அடியில் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முன்முனை அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும், தார் ரோட்டில் குத்தி நிற்காது. விளக்குகளைப் பகலில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு விடாதீர்கள். நவம்பர் பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்கு உங்கள் டிரெய்லரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் அடையாளம்.

படி 4: சரக்கை அடுக்குவது

பாரமானவை டிரெய்லரின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், தரையோடு தரையாக. லேசானவை பின்னால். பின்பக்கம் பாரம் கூடினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், வேகம் கூடக்கூட அந்த ஆட்டம் வண்டியையே இழுக்கும். முன்பக்கம் அளவுக்கு மீறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கிவிடும்.

கொக்கி மேல் எவ்வளவு எடை இறங்குகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில் டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, நாம் ஏறி நின்று எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு மரத்துண்டு வைத்து, அதன்மேல் டிரெய்லரின் முன்முனையைக் கொக்கி உயரத்திலேயே உட்கார வையுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பழகிய கணக்கு. 700 கிலோவுக்கு 70 கிலோ. கையேட்டில் கொக்கிக்கு உச்ச எடை கொடுத்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

இந்த 70 கிலோ வெறும் 70 கிலோவாக நிற்காது. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் பின் அச்சுகளுக்கு நடுவே 3 மீட்டர் என்று வையுங்கள். ஏற்றமரம் மாதிரி வேலை செய்து பின் அச்சில் 98 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 28 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாவதும், ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

படி 5: பிரேக்

என்னுடைய பெடல் ஏன் உள்ளே போனது என்று பிறகு ஒரு நல்ல மெக்கானிக் விளக்கினார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரங்கள். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய அதே ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். என் வண்டியில் எத்தனையோ வருடம் அதே ஆயில்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், மலையில் இழுப்பவர் என்றால் மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ஸ்பிரிங்குக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும், உயிரைக் காப்பது இதுதான்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் நல்லது. ஆனால் ஒரு விஷயம்: டிரெய்லர் வண்டியைத் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் வகை பிரேக், நீளமான இறக்கத்தில் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஓயாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். இடையிடையே நிறுத்தி அதையும் ஆறவிட வேண்டும்.

படி 6: இப்போது ஸ்பிரிங்

முதலில் டேப் எடுத்து அளவு எடுங்கள். டிரெய்லர் இல்லாமல், நான்கு சக்கரங்களிலும் தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை. பிறகு டிரெய்லர் மாட்டி அதே நான்கு அளவு. பின்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி, முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருந்தால் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அதிகமாக இறங்கினால் சரக்கை மறுபடி அடுக்கிப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே இடமும் வலமும் வேறு வேறு உயரத்தில் நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பிளேட் ஒன்று உடைந்திருக்கலாம்; அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே போதுமானதாக இருக்கும்.

அடுத்தது ஷாக் அப்சார்பரும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களும். ஷாக் அப்சார்பர் எடையைத் தாங்காது, ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. எண்ணெய் கசிந்து தளர்ந்த ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால் குதிப்பு கூடத்தான் செய்யும்.

பின்பக்கம் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில், அதாவது ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், 2020-க்குப் பிறகு வந்த தார் போன்றவற்றில், காயிலுக்குள் வைக்கும் காற்றுப் பை ஒரு நல்ல வழி. டிரெய்லர் மாட்டும் நாளில் காற்று ஏற்றலாம், கழற்றிய நாளில் குறைக்கலாம். ஆனால் இரண்டு பைகளையும் ஒரே டியூபில் இணைக்க விடாதீர்கள். மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கப் பை அமுங்கும், அதிலிருக்கும் காற்று உள்பக்கப் பைக்கு ஓடும், தாங்க வேண்டிய பக்கமே மெலிந்து வண்டி இன்னும் சாயும். ஒவ்வொரு பைக்கும் தனி டியூப், தனி வால்வு போடச் சொல்லுங்கள்.

ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், பொலிரோ பிக்கப் போன்ற பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்குக் கூடுதல் பிளேட் போடுவது, தினமும் பாரம் ஏற்றுபவருக்குப் பொருந்தும். வாரத்தில் ஒருநாள் இழுத்து மற்ற நாளெல்லாம் காலியாக ஓட்டுபவருக்கு அது கெடுதல். மழையில் நனைந்த வளைவில் காலி வண்டியின் பின் சக்கரம் குதித்துப் பிடிப்பை விடும். இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் சொல்வதில்லை. சில பிக்கப்களில் பின் அச்சோடு இணைந்த ஒரு பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் அமுங்கினால் பாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் சக்கரங்களுக்கு அதிக பிரேக் கொடுக்கும், தூக்கி நின்றால் குறைத்துவிடும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கிப் பின்பக்கத்தை நிமிர்த்தினால், முழு பாரம் இருக்கும்போதும் அந்த வால்வு வண்டி காலி என்றே எடுத்துக்கொள்ளும். முழு வேலையும் முன் பிரேக் தலையில் விழும். என் வண்டியில் நடந்தது இதுவும் சேர்ந்துதான். பிளேட் போட்டால் அந்த வால்வைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் கிட் டிரெய்லர் இழுப்பவருக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. கொக்கி உயர்ந்து டிரெய்லரின் முன்முனை மேலே தூக்கும், வண்டியின் பாரமும் உயரத்துக்குப் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவும் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எந்த ஸ்பிரிங் போட்டாலும் கையேட்டில் இருக்கும் எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது, ஏனென்றால் பிரேக்கும் அச்சும் சேசிஸும் பழையபடியே இருக்கின்றன.

படி 7: ரோட்டில்

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில், அல்லது அதற்கும் கீழே, இறங்குங்கள். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்து, விட்டு ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். டிரெய்லரின் சக்கரம் வளைவின் உள்பக்கமாக வெட்டிப் போகும், அதனால் எதிரே வண்டி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு கொஞ்சம் அகலமாக எடுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். வாலாட்ட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், படாரென்று பிரேக் அடிக்காதீர்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், இறக்கமும் கடுமை. டிரெய்லரோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் ரோட்டுக்கு வரும், டிரெய்லரோடு அவசரமாகப் பின்னால் எடுக்க முடியாது, எனவே பகலில் மட்டும் போங்கள். நிறுத்தும்போது சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அதை ஓரமாக எடுத்துப் போடுங்கள். இருட்டில் பைக்கில் வரும் பிள்ளைகள் அந்தக் கல்லில்தான் விழுகிறார்கள்.

முதல் பயணத்தைக் காலி டிரெய்லரோடு கோத்தகிரிக்குப் பக்கத்திலிருக்கும் அரவேனு வரை போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு மைதானத்தில் பின்னால் எடுத்துப் பழகுங்கள்: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், கையை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ டிரெய்லரின் பின்பக்கம் அந்தப் பக்கம் போகும். திரும்பி வந்ததும் சக்கரத்தைத் தொடாமல் அருகில் கை காட்டிச் சூட்டைப் பாருங்கள், ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் கொக்கியின் போல்ட்டுகளையும், பிளேட் மாற்றியிருந்தால் ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளையும் ஸ்பேனர் வைத்து மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். புது போல்ட் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரத்தான் செய்யும்.