டிவி காமெடிப் போட்டிக்குக் கிளம்பும் டெல்டா பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று எந்த ஊர்க் கல்லூரி ஆண்டு விழாவுக்குப் போனாலும், நடிகர்கள் குரலில் பேசிக் கைதட்டலை அள்ளும் ஒரு பையன் இருப்பான். மேடையை விட்டு இறங்கியதுமே கூட்டாளிகள் சொல்வது, "டேய், நீ டிவிக்குப் போடா."

சொல்வதில் தப்பே இல்லை. 2005-ல் விஜய் டிவி 'கலக்கப்போவது யாரு' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, சினிமாவில் ஒருவரையும் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்தது. திருச்சியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே மிமிக்ரி செய்த சிவகார்த்திகேயன் அந்த மேடையில் ஜெயித்து, தொகுப்பாளராகி, 2012-ல் கதாநாயகனாகவும் வந்துவிட்டார். மதுரை முத்துவையும் ரோபோ சங்கரையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே மேடைதான். சன் டிவியின் 'அசத்தப்போவது யாரு' இன்னும் பலருக்கு இடம் கொடுத்தது. அதற்கு முன்னால் நாடகக் குழு வேண்டும், இல்லாவிட்டால் யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். 2020-ல் அமேசான் பிரைமில் வந்த தமிழ் காமிக்ஸ்தானில் அனுபவம் உள்ள கலைஞர்கள் கூட இருந்து கற்றுக்கொடுத்ததையும் பார்த்தோம். இவ்வளவு நல்லது இருக்கிறது. ஆனால் போட்டி என்ற அமைப்புக்குள்ளேயே சில கோளாறுகளும் உண்டு. அவை தெரியாமல் கிளம்பினால் நல்ல திறமையும் வீணாகப் போகும்.

முதல் தவறு, டிவியில் பார்த்ததை மட்டும் வைத்து டிவிக்குத் தயாராவது. நாம் பார்ப்பது வெட்டி ஒட்டிய காட்சி. பத்து நிமிஷம் பேசியது நாலு நிமிஷமாகி வரும். நடுவர் சிரிக்கும் முகம் அந்த இடத்தில்தான் எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. சிரிப்புச் சத்தத்தையும் பிறகு சேர்ப்பார்கள். எந்த வரிக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த அமைதியைப் பேசியவர் எப்படிச் சமாளித்தார் என்பது மட்டும் நம் கண்ணுக்கே வராது. கற்றுக்கொள்ள வேண்டியதே அதுதான்.

அதைக் கற்றுக்கொள்ள நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் தொடங்கும் வரைக்கும் கிடைக்கும் பத்து நிமிஷம், பொங்கல் விளையாட்டு விழா, கல்யாண வரவேற்பு எதையும் விடாதீர்கள். முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்து பிள்ளைகள் சண்டை போடும், மைக் கூவும், பஜ்ஜிக் கடைப் பக்கம் ஒரே இரைச்சல். பிடிக்கவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தை அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, அதிலிருந்து ஐந்து நிமிஷத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். ஐந்து நிமிஷத்துக்கென்றே வீட்டில் உட்கார்ந்து எழுதிய ஐந்து நிமிஷம் ஸ்டுடியோ வெளிச்சத்தில் நிற்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மேடையில் ஒரே நகைச்சுவையை இருபது ஊரில் சொல்லலாம். சொல்லச் சொல்ல அது தேறும். டிவியில் ஒரு முறை ஒளிபரப்பானதோடு அதன் ஆயுசு முடிந்தது. அடுத்த சுற்றுக்குப் புதிதாக வேண்டும், அதற்கடுத்த சுற்றுக்கும் வேண்டும். கையில் ஒரே ஒரு நல்ல சரக்கோடு போகிறவர்கள் மூன்றாவது சுற்றில் வாட்ஸ்அப் ஜோக்கைத் தேடுவது இப்படித்தான். அடுத்தவர் வரியை எடுக்கவே எடுக்காதீர்கள். யூடியூப் காலத்தில் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு மிகவும் மனசு வருத்தம் தரும் தவறு ஒன்று உண்டு. தேர்வுக்குப் போகும்போது நம் பிள்ளைகள் ஊரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதே ரஜினி குரல், அதே விஜயகாந்த் குரல், அதே குடிகாரர், அதே மனைவி ஜோக். போதாததற்குக் கடன் வாங்கிய மதுரைத் தமிழ் வேறு. மன்னார்குடிப் பையனுக்கு அது எதற்கு? மேட்டூர் திறந்து பல நாளாகியும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை நம்மிடம் இருக்கிறது. குறுவை அறுவடை நேரத்தில் கதிர் அறுக்கும் மெஷினுக்குக் காத்துக்கிடக்கும் கதை இருக்கிறது. இதையெல்லாம் சென்னைக்காரர்களுக்குப் புரியாது என்று ஒதுக்கிவிடுகிறோம். புரிய வைப்பது நம் வேலை.

கொள்முதல் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். "எங்க ஊர்ல விவசாயி ரொம்பக் கஷ்டப்படுறாரு, ஈரம் அதிகம்னு நெல்லைத் திருப்பி அனுப்புறாங்க" என்று ஆரம்பித்தால் அது மனு. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நெல்லுல ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல இருந்தா வாங்க மாட்டாங்க. மூணு நாளா மழை. இருக்கிறது ஒரு படுதா. அதை நெல்லுக்குப் போத்திட்டு எங்கப்பா வெளியில நிக்கிறாரு. மெஷினை நெல்லுல வச்சாங்க, பதினேழு. அப்பா கெத்தா கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. அந்த ஆளு அப்பாவை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'நெல்லு ஓகே. இதைக் காயவச்சு நாளைக்குக் கொண்டாங்க'ன்னாரு."

இதில் கவனிக்க வேண்டியது என்ன? பதினேழு சதவீதம் என்ற விஷயம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. அது தெரியாத சென்னைப் பார்வையாளர் நடுவில் யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார். ஒரே படுதா என்ற ஒரு சொல்லில் அந்த வீட்டு நிலைமை முழுக்க இருக்கிறது, விளக்கவே வேண்டாம். சிரிப்பு கடைசி வரியில்தான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசினாலும் கெட்டுப்போகும். அப்புறம், அப்பா இதில் கேலிப்பொருள் இல்லை. நெல்லைக் காப்பாற்றத் தான் நனைந்த மனுஷர் அவர். மனுஷரை விட்டுவிட்டு நெல்லுக்குப் படுதா போட வைக்கும் நிலைமையைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம்.

கறுப்பு நிறம், குண்டு உடம்பு, வழுக்கை, பெண் வேஷம், திருநங்கைகளைப் போல நடப்பது எல்லாவற்றையும் எழுதும்போதே அடித்துவிட வேண்டும். நேரம் குறைவு என்பதால் சீக்கிரம் சிரிப்பு வரும் வழியைப் போட்டி தூண்டுகிறது. நடுவரும் சிரித்துவிடுவார். ஆனால் அந்த வரியை வைத்து மறுநாள் டவுன் பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கிண்டல் அடிப்பான். நம் மரபில் கேலி மேலே இருப்பவரை நோக்கித்தான் போயிருக்கிறது. பெண் போட்டியாளர்கள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு இந்த வகை நகைச்சுவையும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். வீட்டில் பேச்சுத்திறமை உள்ள பெண் பிள்ளை இருந்தால், துணைக்கு ஒருவர் போயாவது அவளை மேடைக்கு அனுப்பி வையுங்கள்.

தீர்ப்பைத் திறமையின் அளவாக எடுத்துக்கொள்வதும் பெரிய தவறு. அமெரிக்காவில் என்பிசி நடத்திய 'லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங்' போட்டியில், 2004-ல் நடுவர்களாக இருந்த ட்ரூ கேரியும் பிரெட் பட்லரும், தாங்கள் போட்ட ஓட்டுப்படி தேர்வு நடக்கவில்லை என்று வெளிப்படையாகவே குறைப்பட்டார்கள். தேர்வில் தயாரிப்பாளர்களுக்கும் பங்கு இருந்தது. எந்த டிவிக்கும் வேறு வேறு ஊர், வேறு வேறு பாணி, பார்க்கப் புதுசாக ஒரு முகம் என்ற கணக்கு இருக்கத்தான் செய்யும். இந்தியில் 2005-ல் ஸ்டார் ஒன் நடத்திய 'தி கிரேட் இந்தியன் லாஃப்டர் சேலஞ்ச்' பட்டத்தை ஜெயித்தவர் சுனில் பால். ஆனால் அதில் பட்டம் வாங்காத ராஜு ஸ்ரீவஸ்தவாதான் பிறகு நாடு முழுக்கப் பெரிய பெயர் எடுத்தார். இரண்டாவது சுற்றில் வெளியே வந்தாலும், உங்கள் முகம் தெரிந்த அந்தச் சில மாதங்களில் மாசி, பங்குனி, சித்திரைத் திருவிழாக் கமிட்டிகளைப் போய்ப் பாருங்கள். முழு ஒரு மணி நேர நிகழ்ச்சி கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகப் பணமும் பேப்பரும். தேர்வுக்குக் கட்டணம் கட்டு, இடைத்தரகருக்குக் கொடு என்று யாராவது கேட்டால் அந்த நம்பரை அங்கேயே பிளாக் செய்யுங்கள். தேர்வான சந்தோஷத்தில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். வேறு சேனலில் எத்தனை மாதம் தோன்றக்கூடாது, நீங்கள் எழுதியதை வேறு மேடையில் பேசலாமா, உழவன் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் சென்னையில் தங்கும் செலவும் யாருடையது, படப்பிடிப்பு தள்ளிப்போனால் என்ன என்ற நான்கையும் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாமல் பேப்பரில் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் இன்னும் கவனமாகப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.