ஹெவி லைசென்ஸ் கோர்ஸ்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, ஹெவி எடுக்கலாம்னு இருக்கேன், கோர்ஸ்ல சேரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு காரைக்குடியில் எங்கள் லாரி ஷெட்டுக்கு அடிக்கடி பையன்கள் வருகிறார்கள். பாதிப் பேர் பணம் கட்டிவிட்டுத்தான் கேட்கவே வருகிறார்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் காலத்தில் ஆட்கள் எங்கெங்கே காசை விட்டார்களோ, அதே இடத்தில் இவர்களும் விடுகிறார்கள். கிளச்சில் கால் வைத்தபடி ஓட்டாதே, கண்ணாடியைப் பார் என்பதெல்லாம் ஸ்கூலிலேயே சொல்லிவிடுவார்கள். நான் காசு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஹெவிதான் வேண்டுமா என்று பார்க்காமல் சேருவது

ஆத்தங்குடி டைல்ஸ், இடித்த பழைய வீட்டுத் தூண், நிலைக்கதவு, கடைகளுக்குப் போகும் அரிசி மூட்டை என்று நம் வட்டாரத்துக்குள் ஓடும் லோடு நிறையப் போவது குட்டியானையிலும் அதைவிடக் கொஞ்சம் பெரிய வண்டியிலும்தான். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை, கார் ஓட்டும் எல்.எம்.வி லைசென்ஸை வைத்தே ஓட்டலாம், தனியாக எதுவும் எடுக்க வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியாயிற்று. ஊரோடு இருந்து, ராத்திரி வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, இந்த வண்டிதான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஹெவி கோர்ஸ் உங்களுக்குச் செலவுதான்.

வயசும் வருஷமும்

20 வயது நிறைந்திருக்க வேண்டும், எல்.எம்.வி கைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஹெவிக்கு எல்.எல்.ஆர் (பழகுநர் லைசென்ஸ்) கிடைக்காது, முன்பணம் கட்டாதீர்கள்.

கண்ணைக் காட்டாமல் கட்டுவது

டாக்டர் தரும் 1ஏ என்ற மருத்துவச் சான்றுப் படிவத்தில், நிறம் பிரித்துத் தெரியாத குறை கடுமையாக இருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. முதலில் கண் டாக்டர், அப்புறம் ஃபீஸ்.

ஃபீஸை முழுச் சம்பளத்தோடு ஒப்பிடுவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், ஜவுளிக்கடையில் 14,000 ரூபாய்க்கு நின்றுகொண்டிருந்தவன், அம்மா சங்கிலியை அடகு வைத்து 25,000 கட்டிச் சேர்ந்தான். சேர்த்துவிட்டவர் ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஃபீஸ் 25 ஆயிரம், டிரைவர் சம்பளம் மாதம் 25 ஆயிரம், ஒரே மாதத்தில் போட்ட காசு கையில். அந்த ரசீதை என்னிடம் காட்டி, எந்த வண்டிண்ணே தருவீங்க என்று கேட்டான்.

யாரும் தர மாட்டார்கள், தம்பி. பத்துச் சக்கர வண்டி லோடோடு 28 டன் நிற்கும், அதன் மேல் மாதா மாதம் டியூ வேறு ஓடுகிறது, லைசென்ஸ் அட்டையின் பளபளப்பு போகாதவனை நம்பி எந்த ஓனரும் சாவியை நீட்ட மாட்டார். கிளீனராக, அப்புறம் இரண்டாவது டிரைவராகக் கொஞ்ச காலம் ஓடியாக வேண்டும். அவனையும் அப்படித்தான் ஏற்றிக்கொண்டோம். ஒருநாள் அரிசி மில் வாசலில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால், கண்ணாடியை விட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தான், வண்டியின் வால் நேராகக் கேட் தூணுக்குப் போகிறது, கிளீனர் பின்பலகையை ஓங்கித் தட்டியதால் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. ஸ்கூலில் காலி வண்டியை மைதானத்தில் ஓட்டியதுதான் அவன் பழக்கம், அதில் அவன் குற்றம் எதுவும் இல்லை.

இப்போது அவன் கணக்கையே சரியாகப் போட்டுப் பாருங்கள். ஃபீஸ் 25,000, அடகு வட்டியும் போக்குவரத்தும் 3,000. கோர்ஸ் நடந்த ஒன்றரை மாதம் கடைச் சம்பளம் போனது 21,000. அடுத்த எட்டு மாதம் உதவியாளாக 9,000 வாங்கினான், அதாவது பழைய சம்பளத்தைவிட மாதம் 5,000 குறைவு, அது 40,000. ஆக மொத்தம் 89,000. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து 25,000 வாங்க ஆரம்பித்தாலும் அவனுக்குக் கூடுதலாக வருவது 11,000தான், ஏனென்றால் 14,000 அவன் கடையிலேயே வாங்கிக்கொண்டிருந்தானே. 89,000 திரும்பிவர எட்டு மாதம். சேர்ந்த நாளிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம்! அந்த ஒன்றரை வருஷத்துக்கும் அடகு வட்டி ஏறும், அதை நான் முழுசாகச் சேர்க்கவே இல்லை.

அந்த 25,000மும் எல்லா மாதமும் வராது. நடைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் லோடு கிடைக்காமல் ஷெட்டில் படுத்த நாளுக்குக் காசு இல்லை. பேட்டாவையும் வருமானத்தில் சேர்க்காதீர்கள், அது வழியிலேயே சாப்பாட்டுக்கும் டீக்கும் போய்விடும். நான் ஹெவி வேண்டாம் என்று சொல்லவில்லை, நல்ல டிரைவருக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். ஒன்றரை வருஷம் தாங்க வழி செய்துகொண்டு வாருங்கள். முடிந்தால் பணம் கட்டும் முன்பே இரண்டு மாதம் கிளீனராக ஓடிப் பாருங்கள், ராத்திரி ஓட்டமும் தார்பாய் கட்டுவதும் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று சேருவது

பயிற்சி முடித்ததற்கு ஸ்கூல் தரும் சான்றான படிவம் 5 இல்லாமல் ஹெவி டெஸ்டுக்குப் போக முடியாது என்பதால், படிவத்தை மட்டும் விற்கும் இடங்களும் இருக்கின்றன. அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு 2021இல் வந்த விதிப்படி ஹெவிக்கு 38 மணி நேரம், அதிகபட்சம் ஆறு வாரம், முடித்தால் ஆர்.டி.ஓ ஆபீஸில் தனி டெஸ்ட் கிடையாது. எந்த ஸ்கூலானாலும் ஸ்டியரிங் உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கும், லோடு வண்டி ஓட்டத் தருவார்களா என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு என்று கூட்டிக் கட்டுவது

கட்டாதீர்கள். அமீரகத்தில் லாரி ஓட்ட அந்த ஊர் லைசென்ஸ்தான் வேண்டும், இங்கே வாங்கிய சர்டிபிகேட் அதற்கு ஈடாகாது.

கேஸ் டேங்கர் பயிற்சியை முதலிலேயே வாங்குவது

நாமக்கல் கேஸ் டேங்கர் வண்டிகளில் சேர நினைப்பவர்களுக்கு, ஆபத்தான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் தேவை. ஹெவி கோர்ஸோடு சேர்த்து இதையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சாதாரண சரக்கு லைசென்ஸ் ஐந்து வருஷம் ஓடும், இது மூன்று வருஷத்தில் புதுப்பித்தாக வேண்டும். கிளீனராக இருக்கும்போதே எடுத்து வைத்தால் அந்த மூன்று வருஷத்தில் நல்ல பகுதி சும்மா கழிந்துவிடும். டேங்கர் ஓனர் ஒருவர் வரச் சொன்ன பிறகு எடுத்தால் போதும்.