எனக்குப் பொருந்திய தொண்டு

ஓய்வு பெற்றதும் நாகர்கோவிலில் ஒரு அமைப்பில் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்கிற வேலை. நல்ல காரியம்தான், ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பேசி மாலைக்குள் ஓய்ந்துவிடுவேன்.

அப்புறம் வேறு மாதிரி யோசித்தேன். யாரும் சொல்லாமலே நான் என்ன செய்வேன்? விடிகாலையில் எழுவேன், பொறுமையாக ஒரே இடத்தில் உட்காருவேன், கணக்கு எழுதுவேன். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு அழைத்துப் போனார். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குத்தான் போனோம். அவை 2022 முதல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமானதாக அறிவிக்கப்பட்ட ஈரநிலம். பைனாகுலர் இல்லையே என்று தயங்கினேன், கணக்கெடுப்பு நடத்துகிறவர்களே தந்தார்கள்.

கூட்டமாக மிதக்கும் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவில் மொத்தக் கூட்டத்தையும் அளந்தபடி போக வேண்டும். கறுத்த உடம்பில் வெள்ளை நெற்றியைப் பார்த்து, இது நாமக்கோழி என்று நானே சொன்னபோது அவ்வளவு சந்தோஷம்!

தொண்டு தேடுகிறவர்கள், வாரத்தில் எந்த நேரம் தர முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயர் கொடுக்கும் முன் ஒரு நாள் அவர்களோடு போய்ப் பாருங்கள். எந்த நல்ல அமைப்பும் அதற்குச் சரி என்றுதான் சொல்லும்.