ஃபேக்டரி வேலையில் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நாலு பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பெண்கள் தங்கும் விடுதியே திறந்தார்கள். ஆனால் அசெம்பிளி லைனைத் தாண்டி டூல் ரூம் (அச்சு, கருவிகள் செய்யும் பிரிவு), மெயின்டனன்ஸ், ஷிப்ட் இன்சார்ஜ் என்று போனால் பெண்கள் எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிடுகிறது. அதில் கம்பெனிகளின் பங்குதான் பெரிது. நம் கையில் இருப்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒரே ஸ்டேஷனில் கெட்டிக்காரியாகி அங்கேயே நின்றுவிடுவது. டார்கெட்டைத் தவறாமல் முடித்துத் தரும் பெண்ணை எந்த சூப்பர்வைசரும் தானாக வேறு இடத்துக்கு மாற்ற மாட்டார். மாற்றினால் நஷ்டம் அவருக்குத்தான்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷினான ஒரு சிஎன்சி லேத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலோகத்தைச் சீவும் சின்ன வெட்டுமுனையான இன்சர்ட் தேயத் தேய, கடைந்து வரும் ஷாஃப்ட்டின் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். மைக்ரோமீட்டரில் 20 மைக்ரான் (0.02 மி.மீ.) அதிகம் காட்டினால் ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டு, மெஷினைச் சரிசெய்து தரும் செட்டருக்காகக் காத்திருப்பார். செட்டர் வந்து ஆஃப்செட்டில், அதாவது டூலின் நிலையைத் திருத்தும் எண்ணில், மைனஸ் 0.02 என்று தட்டிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த எண் ஏன், எந்த டூலுக்கு என்று தெரிந்தவருக்கு மதிப்பே வேறு. செட்டர் வரும்போது தள்ளி நிற்காமல் பக்கத்தில் நின்று கேளுங்கள். டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது) படிப்பது, இன்சர்ட் மாற்றுவது, முதல் பீஸை அளப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: அனுமதி இல்லாமல் ஆஃப்செட்டில் கை வைக்காதீர்கள். டூல் மோதினால் பழி முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது காகித விஷயம். காண்ட்ராக்டில் சேரும்போது முதலாளி யார் என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுபவர்கள் நிறைய. வேலை ஆர்டர் காப்பி, பே ஸ்லிப், யூஏஎன் எண் (உங்கள் பி.எஃப். அடையாள எண்) மூன்றும் உங்களிடம் இருக்கட்டும். வேலை மாறினாலும் யூஏஎன் ஒன்றேதான், பழைய பி.எஃப்.-ஐ அதில் மாற்றிக்கொள்ளலாம். கல்யாணச் செலவுக்கு என்று பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை பார்த்த சர்வீஸ் போய்விடும். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் ராஜினாமா எழுதிக்கொடுப்பதும் இதே வகைதான். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா? அப்படியானால் காண்ட்ராக்ட் தொழிலாளியானாலும், போதிய நாட்களுக்குப் பணம் கட்டியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் பிரசவ காலப் பணம் உண்டு. லீவு எழுதுங்கள், ராஜினாமா வேண்டாம்.

நைட் ஷிப்டே வேண்டாம் என்று ஒரேயடியாக மறுப்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன், வீட்டு நிலைமை அவரவருக்கு. ஆனால் ஷிப்ட் இன்சார்ஜ் ஆக ஆசை இருந்தால் அது தடையாகும். மறுப்பதற்குப் பதில் வீட்டு வாசல் வரை வண்டி கேளுங்கள்.

கடைசியாக, யாராவது பாலியல் ரீதியாகத் தவறாக நடந்தால் லைன் லீடரிடம் வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். அந்தக் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.